இரும்புச் சட்டகப் பாலம்: செட்டிநாட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கட்டடப் பொறியியல் படித்து, வேலைக்காலம் முழுவதும் பாலப் பராமரிப்பிலேயே இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். 2025 மார்ச் 28 அன்று பர்மாவில் பூகம்பம் வந்து பழைய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தபோது, தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்தார். அவருடைய அப்பச்சி மாந்தலேயில் கடை வைத்திருந்தவர், அந்தப் பாலத்தில் ரயிலில் போனவர். “அவ்வளவு இரும்பும் எப்படிப்பா விழும்?” என்று கேட்டார். ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதுப் பாலம் திறந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள் பங்குக்குக் கேள்விகளோடு வந்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டகப் பாலம் என்றால் எது? பார்த்தவுடன் எப்படித் தெரிந்துகொள்வது?

தனித்தனி இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, அந்தக் கோப்பையே உத்தரம்போலப் படுக்க வைத்தால் அது சட்டகப் பாலம். பட்டறையில் இதை ட்ரஸ் என்பார்கள். நெல் மில்லிலும் கல்யாண மண்டபத்திலும் தகரக் கூரைக்கு அடியில் ஆங்கிள் வைத்து ஏற்றுகிறார்களே, அதுவும் ட்ரஸ்தான். ரயில்வேயில் இதற்கு ‘ஓப்பன் வெப் கர்டர்’ என்று பெயர். பக்கவாட்டில் பார்த்தால் ஊடே வானம் தெரியும். தகடு அடைத்த கர்டர் பாலத்தில் வானம் தெரியாது. அடையாளம் அவ்வளவுதான்.

வண்டி சட்டகத்துக்கு உள்ளே புகுந்து போகும் பாலங்கள் உண்டு, சட்டகத்தின் தலைமேல் போகும் பாலங்களும் உண்டு. மூன்றாவது ஒரு வகையில் சட்டகம் இரண்டு பக்கமும் இடுப்பளவோ ஆள் உயரமோ நிற்கும், தலைக்கு மேல் குறுக்குச் சட்டம் இருக்காது. கிராமத்து வாய்க்கால்மேல் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

ஏன் முக்கோணம்? சதுரமாகக் கோத்தால் ஆகாதா?

நான்கு குச்சியை ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள். சாய்ந்து படுத்துவிடும். மூன்று குச்சியை அப்படிக் கோத்துத் தள்ளுங்கள். குச்சி ஒடிந்தால் ஒழிய வடிவம் மாறாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு சட்டம் போட்டால் அதுவும் இரண்டு முக்கோணமாகி நிற்கும். நம் ஊர்த் தச்சர்கள் கதவுக்குப் பின்னால் சாய்வுச் சட்டம் அடிப்பதும் இதற்காகத்தான்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சுமை மூட்டுகளில் மட்டும் இறங்குமாறு அமைத்துவிட்டால், ஒவ்வொரு சட்டமும் நீளவாக்கில் இழுபடும் அல்லது நீளவாக்கில் அமுங்கும். வளைவது மிகவும் குறைவு. வளையாத இரும்பு முழு பலத்தையும் கொடுக்கும். அதனால்தான் கொஞ்ச இரும்பில் நீளமான பாலம் கட்ட முடிகிறது.

எந்தச் சட்டம் இழுபடுகிறது, எது அமுங்குகிறது என்று பார்த்தே சொல்ல முடியுமா?

முடியும். எனக்கு இந்தப் பாலங்கள்மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணமே இதுதான். கான்கிரீட் பாலத்தில் விசை உள்ளே மறைந்து ஓடும். இங்கே ஒவ்வொரு சட்டமும் தான் செய்யும் வேலையை வெளியில் காட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் பாருங்கள். இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் பாரம் ஏற்றினால் பாலம் தொய்யப் பார்க்கும். தொய்யும்போது மேல்பக்கம் சுருங்கும், கீழ்பக்கம் நீளும். ஆக மேல் சட்டம் அமுங்குகிறது, கீழ்ச் சட்டம் இழுபடுகிறது.

அடுத்து சாய்வுச் சட்டங்கள். அவற்றின் கீழ்முனை பாலத்தின் நடுவை நோக்கி இறங்கினால் அவை இழுபடுகின்றன, செங்குத்துச் சட்டங்கள் அமுங்குகின்றன. இது கேலப் பிராட், தாமஸ் பிராட் என்ற தகப்பனும் மகனும் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு. சாய்வு இதற்கு நேர்மாறாக, மேல்முனை நடுவை நோக்கி ஏறினால் சாய்வுகள் அமுங்கும், செங்குத்துகள் இழுபடும். இது 1840இல் வில்லியம் ஹோவ் கொண்டுவந்தது. சாய்வுகள் ஆங்கிலத்து V-யும் தலைகீழ் V-யுமாகக் கோலம்போல மாறி மாறி வந்தால் அது ஜேம்ஸ் வாரன் பெயரில் உள்ள அமைப்பு, 1848. அதில் ஒன்று விட்டு ஒன்று இழுபடும், அமுங்கும்.

அமைப்பை மாற்றுவதில் என்ன லாபம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு ஈர்க்குக் குச்சியை இரண்டு முனையிலும் பிடித்து இழுங்கள். எளிதில் அறாது. அதே குச்சியை இரண்டு முனையிலிருந்தும் அமுக்குங்கள். உடனே வில்லாக வளைந்துவிடும். குச்சியைப் பாதியாக ஒடித்து அமுக்கினால், வளைய நான்கு மடங்கு பலம் வேண்டும். அதனால் அமுங்கும் சட்டம் குட்டையாகவும் பருத்தும் இருக்க வேண்டும், இழுபடும் சட்டம் எவ்வளவு நீளமானாலும் ஒல்லியாக இருக்கலாம். ஹோவ் காலத்தில் சாய்வுகள் மரம், செங்குத்துகள் இரும்புக் கம்பி. மரம் அமுக்கத்தைத் தாங்கும், இரும்புக் கம்பி இழுப்பைத் தாங்கும் என்பதால் அது அன்றைக்குச் சரியான ஏற்பாடு. முழுப் பாலமும் இரும்பு என்று ஆனபோது பிராட் அமைப்பு முந்திக்கொண்டது. நீளமான சாய்வுகளுக்கு இழுப்பு, குட்டையான செங்குத்துகளுக்கு அமுக்கம் என்று வேலை பிரிந்ததில் இரும்பு மிச்சமானது. பழைய பாலத்தைப் பார்க்கும்போது ஒல்லிச் சட்டம் எது, பருத்த சட்டம் எது என்று மட்டும் பாருங்கள். பாலம் பாதிக் கணக்கைத் தானே சொல்லிவிடும்.

இத்தனை உயரம் எதற்கு? தாழ்வாகக் கட்டினால் செலவு குறையாதா?

குறையாது, கூடும். கணக்கு சின்னதுதான். 30 மீட்டர் நீளப் பாலத்தில் ஒரு பக்கச் சட்டகம் மீட்டருக்கு 2 டன் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 டன். அதை நீளத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 225 வரும். அதைச் சட்டகத்தின் உயரத்தால் வகுத்தால், நடுவில் மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் வரும் விசை கிடைக்கும். 5 மீட்டர் உயரத்துக்கு 45 டன். உயரத்தை 2.5 மீட்டராகக் குறைத்தால் 90 டன். உயரம் பாதியானால் சட்டத்தின் சுமை இரண்டு மடங்காகிறது. அதற்காக வானளாவவும் கட்ட முடியாது. செங்குத்துகள் நீண்டு, அமுக்கத்தில் வளையத் தொடங்கும். நீளத்தில் ஆறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் உயரம் வைப்பது அனுபவத்தில் வந்த வழக்கம்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவரைச் சொல்ல முடியாது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ 1570லேயே மரச் சட்டகப் பாலங்களைப் படம் போட்டு எழுதியிருக்கிறார். அதற்கு முன்பும் தச்சர்கள் கூரைக்கு இதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பெரிய வேகம் பிடித்தது 19ஆம் நூற்றாண்டில், ரயில் வந்த பிறகு. மாட்டுவண்டிக்குக் கட்டிய மரப்பாலம் எஞ்சினைத் தாங்கவில்லை.

என் மனதில் பெரிய இடம் ஸ்குவயர் விப்பிள் என்ற அமெரிக்கருக்கு. 1847இல் அவர் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு சட்டத்திலும் எவ்வளவு விசை வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதுவரை கண்மட்டத்திலும் கைப்பழக்கத்திலும் நடந்த வேலை, காகிதத்தில் முன்கூட்டியே சரிபார்க்கும் வேலையாக மாறியது. 1856இல் பெசமர் முறை வந்து எஃகு மலிவானது. பிறகு அமெரிக்கக் கிராமங்களில் பாலத்தைக் கம்பெனிகள் விலைப்பட்டியல் வைத்து விற்கும் நிலை வந்தது. ஊராட்சி நீளத்தையும் அகலத்தையும் சொன்னால் போதும், சட்டங்கள் எண் போட்டு ரயிலில் வந்து இறங்கும், உள்ளூர் ஆட்கள் கோத்துக்கொள்வார்கள்.

இந்தியாவுக்கும் பெரிய பாலங்களின் இரும்பு அப்படியே கப்பலில் வந்தது. அலகாபாத் யமுனைமேல் 1865இல் திறந்த நைனி பாலத்தில் மேலே ரயிலும் கீழே சாலையும் இன்றும் ஓடுகின்றன. 1943இல் திறந்த ஹௌரா பாலத்துக்கு வேண்டிய 26,500 டன் எஃகில் 23,000 டன்னை டாடா ஆலை கொடுத்தது. 80 ஆண்டுகளுக்குள் நாம் வந்த தூரம் அது.

நம் செட்டிநாட்டில் ஏன் இப்படிப்பட்ட பாலங்களை அதிகம் பார்க்க முடிவதில்லை?

நல்ல கேள்வி. நாம் ஏழை என்பதாலோ யாரும் கவனிக்கவில்லை என்பதாலோ அல்ல. நம் மண்ணுக்கு அது தேவைப்படவில்லை.

மணிமுத்தாறு, தேனாறு, விருசுழி எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் ஓடி, பங்குனிக்கு முன்பே மணலாகிவிடும் ஆறுகள். ஆண்டில் பல மாதம் ஆற்றுக்குள் இறங்கி நின்று வேலை செய்யலாம். அப்படிப்பட்ட இடத்தில் நடுவில் தூண் எழுப்புவது மலிவு. ஐந்து மீட்டர், பத்து மீட்டர் இடைவெளியில் தூண் வைத்து, கல் வளைவோ கான்கிரீட் பலகையோ போட்டால் காரியம் முடிந்தது. இன்னும் சின்ன ஓடைகளுக்குத் தரைப்பாலம், தாம்போதி. கண்மாய்க் கலிங்குமேல் கற்பலகை.

சட்டகம் லாபமாவது, தூண் வைப்பது கஷ்டமாகவோ செலவாகவோ இருக்கும் இடத்தில். ஆழமான தண்ணீர், வற்றாத ஓட்டம், கீழே படகு போக வேண்டிய இடம், பள்ளத்தாக்கு. இந்திய ரயில்வேயின் வழக்கமான அளவுகளிலேயே இது தெரியும். ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் கண். 12.2, 18.3, 24.4 மீட்டர் கண்களுக்குத் தகடு கர்டர். 30.5 மீட்டரிலிருந்து 45.7, 61, 76.2 மீட்டர் கண்களுக்குச் சட்டகம். எத்தனை கண் பாலம் என்று நாம் கேட்பது வழக்கம். ஒரு கண்ணின் அகலம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பாலத்தின் வகை பெரும்பாலும் அதில் அடங்கிவிடும்.

எங்கள் வீட்டு இரும்பு உத்தரமும் இதுவும் ஒன்றா?

வேறு. வளவிலும் பட்டாலையிலும் தேக்கோடு சேர்ந்து கிடக்கும் இரும்பு உத்தரம் ஆலையில் உருட்டி எடுத்த ஒற்றைக்கட்டை. அது வளைந்து சுமை தாங்கும். அதன் குறுக்குவெட்டு ஐ எழுத்துப்போல, ஆங்கிலத்து ஐ, மேலும் கீழும் பட்டையாகவும் நடுவில் ஒல்லியாகவும் இருக்கும். மேல் பட்டை அமுங்கும், கீழ்ப் பட்டை இழுபடும். சட்டகத்தின் மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் செய்யும் அதே வேலை. அந்த வகையில் பங்காளிகள் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து உத்தரங்களில் ஆலையின் பெயர் புடைப்பெழுத்தில் வருவது வழக்கம். வீட்டில் வெள்ளையடிக்கும்போது சுரண்டிப் பாருங்கள். டார்மன் லாங் என்று இருந்தால், 1932இல் திறந்த சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியது அதே கம்பெனிதான்.

சட்டகத்துக்கு இன்னும் நெருக்கமான சொந்தம் பழைய வீட்டு மேங்கோப்பு. கைமரம், வளை, உத்தரம் என்று ஒவ்வொன்றும் எங்கே தாங்குகிறது, எங்கே தள்ளுகிறது என்று பார்க்கப் பழகிய கண்ணுக்குப் பாலம் சீக்கிரம் பிடிபடும்.

ஆவா பாலம் எப்படிப்பட்டது? நம்மவர்கள் அதில் போனார்களா?

ஐராவதி ஆற்றின்மேல், மாந்தலேக்கும் சகாயிங்குக்கும் இடையில் 1934இல் திறந்தது. 16 கண். ரயிலும் சாலையும் சேர்ந்தது. 1990கள் வரை அந்த ஆற்றின் குறுக்கே பர்மாவில் இருந்த ஒரே பாலம் அதுதான். மாந்தலேயிலும் வடக்கேயும் கொண்டுவிற்கப் போனவர்கள் எத்தனையோ பேர் அதைக் கடந்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு அந்தக் கதை இருக்கிறது.

அது ஒருமுறை அல்ல, இரண்டு முறை விழுந்த பாலம். 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே இரண்டு கண்களை வெடிவைத்துத் தகர்த்தது. நம் ஆட்கள் கடையையும் கணக்கையும் போட்டுவிட்டு அஸ்ஸாம் வழியாக நடந்த அதே ஆண்டு. 1954இல்தான் பாலத்தைச் சரிசெய்து திறந்தார்கள். பிறகு 2025 பூகம்பம்.

ஆச்சி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாலத்தின் சட்டகம் முக்கியமாக மேலிருந்து கீழே வரும் பாரத்துக்காகக் கட்டப்படுவது. பூகம்பம் பாலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும், ஒவ்வொரு தூணையும் தனித்தனியாக ஆட்டும். 1930களில் வரைந்த பாலங்களுக்கு இன்று போடும் பூகம்பக் கணக்கு கிடையாது. தூணின் தலையில் சட்டகம் உட்கார்ந்திருக்கும் இடம் நழுவினால், எவ்வளவு நல்ல இரும்பும் நிற்க இடமில்லாமல் விழும். இரும்பு தோற்றது என்று சொல்வதைவிட, கால் தவறியது என்று சொல்லலாம். ஆச்சியிடம் அப்படித்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிப்பா” என்றார்.

மாந்தலேயிலிருந்து லாஷியோ போகும் வழியில் 1901இல் கட்டிய கோக்தேக் பாலமும் உண்டு. 102 மீட்டர் உயரம், 689 மீட்டர் நீளம், அமெரிக்க எஃகு. அதன் கால்களே சட்டகங்கள்.

பாம்பன் பாலம் சட்டகப் பாலமா?

பெரும்பகுதி இல்லை. 1914இல் திறந்த பழைய பாலத்தின் கண்கள் 12 மீட்டர் அளவிலான சின்னத் தகடு கர்டர்கள். நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் எழும்பும் ஷெர்சர் பகுதி மட்டும்தான் சட்டகம். கொழும்புக்குப் போன நம்மவர்கள் ரயிலில் அதைத் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. ஷெர்சர் பகுதி தப்பியது. ரயில்வேப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள்.

புதிய பாலத்திலும் அதே கதை. 18.3 மீட்டர் கண்கள் 99. அவற்றின் நடுவே 72.5 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு சட்டகம். அது லிப்ட்போல நேராக 17 மீட்டர் மேலே போகும். கப்பல் போகும் இடத்தில் தூண் வைக்க முடியாது, அதனால் அங்கே மட்டும் சட்டகம். செட்டிநாட்டில் ஏன் இல்லை என்ற கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான், தலைகீழாக.

ரிவிட், போல்ட், வெல்டிங். எது நல்லது?

பழைய பாலங்களில் தலை உருண்டையாக வரிசை வரிசையாகத் தெரிவது ரிவிட். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் அடித்துத் தலை உண்டாக்குவார்கள். ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். ஹௌரா முழுக்க இந்த வேலை. இப்போது ரிவிட் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. அளந்து முறுக்கும் உயர்பலப் போல்ட்டும் ஆலையிலேயே செய்யும் வெல்டிங்கும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. மூன்றுமே ஒழுங்காகச் செய்தால் நல்லவைதான்.

ரிவிட் தளர்ந்ததைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. ஒரு பக்கம் தலையில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டினால், தளர்ந்தது விரலில் அதிரும். தலையைச் சுற்றித் துரு ஒழுகியிருந்தாலும் சந்தேகப்படலாம்.

பாலத்தின் ஒரு முனை ஏன் உருளைமேல் நிற்கிறது?

வெயிலுக்காக. 60 மீட்டர் எஃகுச் சட்டகம், விடியற்காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர் நீளும். ஓர் அங்குலத்துக்கும் மேல். நீள விடாமல் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்தால், சாதாரண எஃகு தாங்கும் எல்லையில் ஐந்தில் இரண்டு பங்கை வெயிலே தின்றுவிடும், ஒரு வண்டிகூட ஏறாமல். அதனால் ஒரு முனையை நிலையாக வைத்து, மறுமுனையை உருளைமேலோ நழுவும் தகட்டின்மேலோ உட்கார வைப்பார்கள்.

பழைய பாலம் எங்கே முதலில் கெடும்?

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். எத்தனை வயது என்று கேட்பவர்கள் அதிகம், எங்கே கெடும் என்று கேட்பவர்கள் குறைவு. வயது மட்டும் பாலத்தைக் கொல்வதில்லை. நைனி பாலத்துக்கு 160 வயது. பாலம் கெடுவது மூட்டிலும் காலடியிலும்.

மூட்டு என்பது நாலைந்து சட்டங்கள் வந்து சேரும் இடம். அவற்றைப் பிடித்திருப்பது கசட் தகடு. 2007 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நெடுஞ்சாலைச் சட்டகப் பாலம் ஒன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது, சில கசட் தகடுகள் இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான். சட்டங்கள் சரியாக இருந்தன. அவற்றைப் பிடித்த கை பலமில்லை.

கிராமத்துப் பாலத்தில் மூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் அழுக்கு. கீழ்ச் சட்டத்தின் மூட்டு குப்பைத்தொட்டிபோல ஆகிவிடும். சாலை மண், பறவை எச்சம், சருகு எல்லாம் அங்கே தங்கி, மழையில் நனைந்து, காயாமல் கிடக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் துரு ஏறினால் தகடே உப்பி, ரிவிட் அறுந்துபோகும். ஒருமுறை ஒரு கால்வாய்ப் பாலத்தைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் வெள்ளிநிறப் பெயிண்ட் அடித்திருந்தார்கள், தூரத்திலிருந்து புதுப் பாலம்போல மின்னியது. கீழே இறங்கி மூட்டில் இருந்த மண்ணை விரலால் நோண்டினேன். மண்ணுக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் தகடு அப்பளம்போல இருந்தது, சுத்தியல் பட்டவுடன் ஓட்டை விழுந்தது. பக்கத்திலேயே உருளையின் இடுக்கில் ஓர் அரசங்கன்று. அன்றைக்கு அந்தப் பாலத்தில் பள்ளிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. போக்குவரத்தை நிறுத்திவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

காலடி என்பது தூணின் அடி மண். வெள்ளம் தூணில் மோதிச் சுழலும்போது அடியிலுள்ள மணலைத் தோண்டி எடுத்துவிடும். திருச்சியில் கொள்ளிடத்தின்மேல் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து உடைந்தது. அதற்கு முன்பே பக்கத்தில் புதுப் பாலம் திறந்துவிட்டதால் அதில் வாகனம் இல்லை. பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மேலே பார்ப்பதற்கு முன் கீழே தண்ணீர் எங்கே சுழல்கிறது என்று பாருங்கள்.

துருவைத் தடுக்க என்ன வழி?

அழுக்கைக் கழுவுவது, தண்ணீர் வடிய ஓட்டை விடுவது, பழைய துருவை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பது. வரிசை முக்கியம். பெயிண்ட் கடைசி.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு பெருமை இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் எல்லோரும் செக்ரி என்று சொல்வது, உலோகம் அரிப்பதையே ஒரு துறையாக வைத்து ஆராய்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். கடல் காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது, பாம்பனுக்குப் பக்கத்திலேயே. இரும்புக்கு அந்தக் காற்றைவிடக் கடுமையான பரீட்சை நம் பக்கத்தில் கிடையாது.

பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் ஏறினால் பாலம் தாங்குமா? லாரியைவிட ஆட்கள் லேசுதானே?

லேசு இல்லை. நெருக்கமாக நிற்கும் கூட்டம் ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளப் பாலம் நிறைய ஆட்கள் நின்றால் 36 டன். பாரம் ஏற்றிய பெரிய லாரியின் எடை. லாரி ஓடிப் போய்விடும், கூட்டம் நிற்கும். 2025 ஜூனில் புனே அருகே இந்திராயணி ஆற்றின்மேல் இருந்த பழைய இரும்புப் பாலம், வெள்ளம் பார்க்க வந்த கூட்டத்தோடு விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். துருப்பிடித்த பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, காவடியோ செல்பியோ எதுவானாலும். சாலைப் பாலத்தில் வரிசையாக நடந்து கடப்பதில் பயமில்லை.

நுழைவாயிலில் தலைக்கு மேல் இருக்கும் குறுக்குச் சட்டத்தில் வைக்கோல் லாரி இடித்தால் என்ன ஆகும்? அது அலங்காரம்தானே?

அலங்காரம் இல்லை. அமுங்கும் மேல் சட்டங்கள் இரண்டும் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்திருப்பது அதுதான். காற்றின் தள்ளலைக் கீழே இறக்குவதும் அதுதான். காற்றைக் கணக்கில் எடுக்காமல் கட்டிய ஸ்காட்லாந்து டே பாலம் 1879 டிசம்பர் 28 இரவு ரயிலோடு விழுந்தது. லாரி இடித்துச் சட்டம் வளைந்திருந்தால், சின்ன வளைவுதானே என்று விடாமல் உடனே தகவல் கொடுங்கள். வளைந்த சட்டம் அமுக்கத்தைத் தாங்காது.

வயநாட்டில் ராணுவம் ஒரே நாளில் கட்டியதும் இந்த வகையா?

ஆமாம். பெய்லி பாலம். டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் 1940இல், உலகப் போருக்காக வடிவமைத்தது. 10 அடி நீளம், 5 அடி உயரம் உள்ள ஒரே அளவுச் சட்டகத் துண்டுகள். ஒரு துண்டு 260 கிலோ, ஆறு பேர் தூக்கிவிடலாம். ஊசி மாட்டிக் கோத்து, ஒரு கரையில் இருந்தே உருளைமேல் தள்ளி மறுகரை சேர்ப்பார்கள். 2024இல் நிலச்சரிவுக்குப் பிறகு சூரல்மலையில் ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் 190 அடிக்கு, 24 டன் தாங்கும் பாலத்தை ஆகஸ்ட் 1 அன்று முடித்துக் கொடுத்தார்கள். கான்கிரீட் காய்வதற்குக்கூட அந்த நேரம் போதாது.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது?

பழைய தென்னந்துடைப்பத்தில் இருந்து நல்ல ஈர்க்கு ஐம்பது எடுங்கள். ஒரு சாண் நீளத்தில் வெட்டி, நூலால் கட்டி, ஒட்டினால் ஏழு முக்கோணம் உள்ள சட்டகம் இரண்டு செய்யலாம். நடுவில் குறுக்கு ஈர்க்குகள் கொடுத்து இரண்டையும் சேருங்கள். இரண்டு முக்காலிக்கு நடுவே வைத்து, நடுக் கீழ் மூட்டில் ஒரு பை தொங்கவிட்டு, அதில் புளியங்கொட்டையை ஒவ்வொரு கையாகப் போடச் சொல்லுங்கள். எந்த ஈர்க்கு முதலில் வளைகிறது என்று பிள்ளை முன்னதாகவே சொல்ல வேண்டும். வளைந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஈர்க்கு சேர்த்துக் கட்டி, திரும்பவும் முதல் கையிலிருந்து போடத் தொடங்குங்கள்.